தமிழ்ப் பட வசனத்தின் கணக்கை 1937-லிருந்து தொடங்குவோம்: இளங்கோவன் பற்றி ஓர் இழை

பாட்டுப்புத்தகம் | பதிவு 1

நண்பர்களுக்கு வணக்கம். தமிழ்ப் பட வசனம் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் அது நேராக 1952-ல் போய் நிற்கிறது. ‘பராசக்தி’, நீதிமன்றக் கூண்டு, சிவாஜி கணேசன். அதற்கு முந்தைய இருபது வருடமும் எல்லாரும் பாடிக்கொண்டே இருந்தார்கள், பேசவே இல்லை என்கிற மாதிரி ஒரு எண்ணம் படிந்துவிட்டது. இந்த எண்ணத்தை மாற்றத்தான் இந்த இழை.

இளங்கோவன். சொந்தப் பெயர் தணிகாசலம், செங்கல்பட்டுக்காரர். ‘மணிக்கொடி’ இலக்கியப் பத்திரிகை வட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தவர். 1937-ல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’க்கு வசனம் எழுதினார். அந்தப் படத்தோடு தமிழ்ப் படத்தில் பேச்சின் தரமே வேறாகிவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு முன் நிலைமை என்ன? 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ படத்தில் கதாநாயகி தமிழ் பேசினார், கதாநாயகன் தெலுங்கு பேசினார். அதையும் சனம் திரண்டு வந்து பார்த்தது, படம் பேசுகிறதே என்ற ஆச்சரியத்தில். பிறகு சில வருடங்களுக்கு நாடகக் கம்பெனிகளின் புராணக் கதைகளே படமாயின. ஒரு படத்துக்கு நாற்பது ஐம்பது பாட்டு சர்வ சாதாரணம். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் கதையை நகர்த்த நாலு வரி வேண்டும், அதுதான் வசனம். அதிலும் பாதி ‘பிராணநாதா’, ‘ஸ்வாமி, தங்கள் சித்தம்’ என்று போகும்.

இளங்கோவன் அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டு அங்கேயே கதை சொல்ல ஆரம்பித்தார். காட்சியை வசனம் தாங்கி நின்றது, பாட்டு அதற்குப் பின்னால் வந்தது.

‘திருநீலகண்டர்’ (1939), ‘அசோக்குமார்’ (1941), ‘கண்ணகி’ (1942), ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944), ‘மகாமாயா’ (1944). எல்லாம் அவர் எழுதியவை. இந்த வரிசையை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். பாகவதரின் உச்ச காலத்துப் பெரிய படங்களில் ‘சிந்தாமணி’யைத் தள்ளிவிட்டால் மிச்சம் எல்லாம் இந்த மனிதரின் பேனா. ஆனால் பாகவதர் என்றதும் நமக்குப் பாட்டு வருகிறது, பாபநாசம் சிவன் பெயர் வருகிறது, இளங்கோவன் பெயர் வருவதில்லை.

அவர் படங்களைப் பார்த்தவர்கள், பழைய வசனப் புத்தகம் வைத்திருப்பவர்கள், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

நாடகமேடை | பதிவு 2

நல்ல இழை ஐயா. தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளங்கோவனை உயர்த்த அவருக்கு முந்தையவர்களைத் தாழ்த்த வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் நல்ல தமிழ் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் உரைநடையிலேயே நாடகம் எழுதியவர். மேடையில் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

சிக்கல் படத்தில்தான். அன்றைக்கு நடிகர் கேமரா முன்னால் பேசுவதுதான் ஒலிப்பதிவு. பின்னால் டப்பிங் செய்யும் வழக்கம் வரவில்லை. மைக் ஒரு இடத்தில் இருக்கும், நடிகர் அதை விட்டு விலக முடியாது. பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்களை வைத்து நடத்திய நாடகக் கம்பெனியில், வளர்ந்த நடிகர் கடைசி வரிசை வரை கேட்கப் பேசிப் பழகியவர். அந்தக் குரலை மைக் முன்னால் வைத்தால் ஒவ்வொரு வரியும் அறிவிப்பு மாதிரி வந்து விழும். அதனால் முதலாளிகள் பேச்சைக் குறைத்துப் பாட்டைக் கூட்டினார்கள். பாட்டு நிச்சயமாக விலைபோகும், இசைத்தட்டாகவும் விற்கும்.

அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் வந்து நீளமாக, இலக்கியமாக எழுதி, அதையும் சனம் கேட்கும் என்று காட்டினார். அதைத் துணிச்சல் என்றுதான் சொல்வேன்.

வைகைக்கரை | பதிவு 3

எனக்கு ஒரு கேள்வி. ‘அம்பிகாபதி’யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்கர், தமிழ் தெரியாது. கல்கத்தாவில் ஈஸ்ட் இந்தியா ஸ்டுடியோவில் எடுத்திருக்கிறார்கள். தமிழே தெரியாத ஒருவர் இயக்கிய படத்தில் வசனம் எப்படி இவ்வளவு பேசப்பட்டது?

இன்னொன்று. அதில் வரும் காதல் காட்சிகள் ‘ரோமியோ ஜூலியட்’டிலிருந்து எடுத்தவை என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் இளங்கோவனின் சொந்தப் பங்கு எவ்வளவு?

பாட்டுப்புத்தகம் | பதிவு 4

வைகைக்கரை, இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன.

டங்கன் 1935-ல் இங்கே வந்தவர். 1936-ல் ‘சதி லீலாவதி’, அடுத்த வருடம் ‘அம்பிகாபதி’. தமிழ் தெரியாததால் அவர் காட்சியைக் கண்ணால்தான் மதிப்பிட முடியும்: முகம், அசைவு, வெளிச்சம், ஷாட் எப்போது மாற வேண்டும். சொல் முழுக்க எழுத்தாளரின் பொறுப்பாகிவிட்டது. வசனம் என்றால் வசனகர்த்தாதான் என்ற நிலைமை அங்கே தானாகவே உருவாயிற்று. இயக்குநர் தமிழ் தெரிந்தவராக இருந்திருந்தால், ‘இந்த வரி சனத்துக்குப் புரியாது, எடுத்துவிடு’ என்று வெட்டியிருக்கலாம்.

‘ரோமியோ ஜூலியட்’ விஷயம் உண்மை. டங்கன் மனத்தில் அந்தக் காதல் காட்சிகள் இருந்தன, இளங்கோவனிடம் அதைக் கொடுத்தார். பிரியும்போது ரோமியோ ஒன்று சொல்வான் இல்லையா, உறக்கம் உன் கண்களில் தங்கட்டும், அமைதி உன் நெஞ்சில் தங்கட்டும், அந்த உறக்கமாகவும் அமைதியாகவும் நானே இருக்கக் கூடாதா என்று. அது அம்பிகாபதியின் வாயிலும் வருகிறது.

ஆனால் அது யார் வாயில் வருகிறது என்று பாருங்கள். கம்பர் மகன் வாயில். சோழன் சபையில் நூறு பாட்டு, சிற்றின்பம் கலக்காமல் பாடினால் உயிர். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டு, அவன் காதலியான சோழன் மகள் அமராவதி எட்டிப் பார்க்கிறாள். தொண்ணூற்றொன்பதில் அவளைக் கண்டதும் அவன் காதலைப் பாடிவிடுகிறான். காலகாலமாக நம் ஊரில் சொல்லப்படும் கதை இது. எண்ணிக்கை ஒன்று தவறியதால் ஒரு புலவன் சாகிறான். இந்தக் கதைக்குள் வெரோனா நகரத்துப் பையனின் வரியைக் கொண்டுவந்து வைத்து, பார்ப்பவருக்கு ஒட்டு தெரியாமல் செய்ய வேண்டும். அம்பிகாபதி புலவன், அவன் பேச்சே கவிதையாக இருப்பது இயல்பு. அந்த இயல்பை இளங்கோவன் சரியாகப் பிடித்தார். கிராமத்து விவசாயி வாயில் அதே வரியை வைத்திருந்தால் நின்றிருக்காது.

அந்தக் காட்சிகளின் நெருக்கத்துக்காக டங்கன் அன்று கண்டனமும் வாங்கினார். படம் ஓடியது, சாதாரண ஓட்டம் இல்லை. ‘சிந்தாமணி’யும் ‘அம்பிகாபதி’யும் ஒரே வருடத்தில் வந்து பாகவதரை எட்ட முடியாத உயரத்துக்குக் கொண்டுபோயின.

நெல்லைச்சீமை | பதிவு 5

‘மணிக்கொடி’ என்று ஒரு வரியில் கடந்துபோய்விட்டீர்கள். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

1933-ல் தொடங்கிய பத்திரிகை. ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் நடத்தினார்கள். பிறகு பி.எஸ். ராமையா கையில் சிறுகதைக்கென்றே ஆகிப்போனது. தமிழில் உரைநடை எவ்வளவு செய்ய முடியும் என்று அங்கே ஒரு கூட்டம் இரவு பகலாகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தது. பணம் கிடையாது. அதில் பலரும் அடுத்த பத்து வருடத்துக்குள் சினிமாவுக்குப் போனார்கள். பி.எஸ். ராமையா ஜெமினி ஸ்டுடியோவின் ‘மதன காமராஜன்’ (1941) எழுதினார். புதுமைப்பித்தன் ஜெமினிக்கு எழுதினார், ‘அவ்வையார்’ படத்திலும் அவர் வேலை இருந்தது.

புதுமைப்பித்தன் கதை நமக்கு வேதனையான கதை. சொந்தப் படம் எடுக்க பர்வதகுமாரி புரொடக்சன்ஸ் என்று ஆரம்பித்தார், அது படமாக வளரவில்லை. பாகவதர் சிறையிலிருந்து வந்த பிறகு எடுத்த ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனே போனார். காசநோய் முற்றித் திரும்பினார். 1948 ஜூன் 30, திருவனந்தபுரத்தில் முடிந்துவிட்டது. படம் அதற்குப் பிறகுதான் வெளியானது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மணிக்கொடிக்காரர்களில் சினிமா என்ற தொழிலைப் பிடித்து அதில் பெரிய பெயராக நின்றவர் இளங்கோவன்தான். மற்றவர்கள் எழுத்தாளராக இருந்து பிழைப்புக்காகப் படம் எழுதினார்கள். இவருக்குப் படமே எழுத்து. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் அவரைச் சினிமாக்காரர் என்று விட்டுவிட்டார்கள், சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் பாட்டையும் நடிகரையும் எழுதி முடித்துவிட்டார்கள். நடுவில் விழுந்துவிட்டார் மனிதர்.

சேலத்துக்காரன் | பதிவு 6

எல்லாம் சரி தோழர்களே. ஆனால் இழையின் தலைப்பே கலைஞரின் பங்கைக் குறைப்பதாக எனக்குப் படுகிறது.

1952-ஐ ஏன் கணக்கின் தொடக்கமாக எடுக்கிறார்கள்? அன்றைக்குத்தான் வசனம் சமூகத்தோடு சண்டை போட்டது. இளங்கோவன் எழுதியது ராஜா கதை, பக்திக் கதை. ‘பராசக்தி’யில் பர்மாவிலிருந்து வந்தவன் சென்னை நடைபாதையில் படுக்கிறான், அவன் தங்கை பசியால் அலைகிறாள், கோயில் பூசாரி அவளிடம் தவறாக நடக்க முயல்கிறான். அழகான தமிழ் எழுதுவது ஒன்று, அந்தத் தமிழை ஆயுதமாக எடுப்பது வேறு. அதைத் தொடங்கியவர்கள் அண்ணாவும் கலைஞரும். 1949-ல் ‘நல்லதம்பி’, ‘வேலைக்காரி’. பிறகு ‘மந்திரிகுமாரி’, ‘பராசக்தி’, ‘மனோகரா’.

கலைஞர் எப்படி வந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1947-ல் ‘ராஜகுமாரி’. இயக்கம் ஏ.எஸ்.ஏ. சாமி, கலைஞருக்கு உதவி என்ற இடம்தான். 1948-ல் ‘அபிமன்யு’வில் எழுதினார், டைட்டிலில் பெயர் இல்லை. பெயர் இல்லாமல் இருந்தவர் நாலே வருடத்தில் தமிழ்நாடே மனப்பாடம் செய்த வசனத்தை எழுதினார். அந்த உழைப்பை வேறு யாருடைய நிழலிலும் வைக்க முடியாது.

பாட்டுப்புத்தகம் | பதிவு 7

சேலத்துக்காரரே, உங்கள் உணர்வு புரிகிறது. கலைஞரைக் குறைக்க நான் இங்கே வரவில்லை. அவர் செய்ததை அவர்தான் செய்தார், அரசியல் அவருடையது, கோபம் அவருடையது. நான் சொல்வது இதுதான்: நீளமான தமிழ் வசனத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்கும் பழக்கம் சனத்துக்கு ஏற்கெனவே உண்டாகியிருந்தது. அதைப் பழக்கியவர் இளங்கோவன்.

‘கண்ணகி’ வந்தபோது கலைஞருக்கு வயது 18, திருவாரூரில் இருக்கிறார். அந்தப் படத்தின் வசனம் ஊர் ஊராகப் புத்தகமாக விற்றது. அந்த வயதில் தமிழ் மேல் வெறியோடு இருந்த ஒரு பையன் எதைக் கேட்டு வளர்ந்திருப்பான்?

இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறேன், இரண்டும் டைட்டில் கார்டிலேயே இருக்கின்றன.

1937-ல் இளங்கோவனின் வசனத்தை இயக்கிய அதே டங்கன்தான் 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக ‘மந்திரிகுமாரி’யை இயக்கினார். உங்கள் ஊர்ப் படம்! அதே தமிழ் தெரியாத இயக்குநர், அதேபோல் சொல்லின் முழுப் பொறுப்பும் எழுத்தாளர் கையில். குண்டலகேசிக் கதை. கணவன் தன்னை மலையிலிருந்து தள்ளப்போகிறான் என்று தெரிந்து, சாகும் முன் உங்களை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று கேட்டு, பின்னால் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிற இடத்தைக் கவனியுங்கள். டங்கன் அங்கே பள்ளத்தையும் உயரத்தையும் காட்டுகிறார். கலைஞர் அங்கே மனைவியின் பேச்சில் காதலையும் தீர்ப்பையும் ஒன்றாக வைக்கிறார். ‘அம்பிகாபதி’யில் பார்த்த அதே வேலைப் பிரிவினைதான் இது.

இரண்டாவது விஷயம் கண்ணாம்பா. 1942-ல் இளங்கோவனின் கண்ணகி. 1954-ல் கலைஞரின் மனோகரன் தாய். பன்னிரண்டு வருட இடைவெளியில் இரண்டு பேரின் உச்ச வரிகளையும் பேசியது ஒரே தொண்டை.

வைகைக்கரை | பதிவு 8

கண்ணாம்பா பெயரைச் சொன்னதும் நானே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘கண்ணகி’ வசனத்தைச் சொல்லிக்காட்டிக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்து பேசினார். அந்த உச்சரிப்பில் எங்கே தடுமாற்றம்? இல்லை! ழகரமும் றகரமும் சரியாக விழுகின்றன.

வழக்குரை காதையைச் சிலப்பதிகாரத்தில் படித்துப் பாருங்கள். மிகச் சின்ன இடம். ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்று தொடங்குகிறாள். தன் ஊர், தன் பெயர், தன் கணவன் பெயர் சொல்கிறாள். என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். எங்களுடையதில் முத்து என்கிறான் பாண்டியன். உடைக்கிறாள், மணி தெறித்து மன்னன் வாயருகே படுகிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று விழுந்துவிடுகிறான். இளங்கோவடிகள் அங்கே ஒரு சொல் கூடுதலாகப் போடவில்லை. படத்துக்கு அது போதாது. கொட்டகையில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் காப்பியம் படித்ததில்லை, எழுத்தே தெரியாதவர்களும் நிறைய. அந்தச் செய்யுளின் சூட்டைக் குறைக்காமல் நிமிடக்கணக்காக விரித்துப் பேச வைக்க வேண்டும். அவளுடைய சோகம் முதலில், பிறகு கேள்வி, பிறகு வழக்கு, பிறகு சாபம் என்று குரலுக்கு ஏறுவதற்குப் படி கட்டிக் கொடுத்திருக்கிறார். கண்ணாம்பா ஒவ்வொன்றாக ஏறுகிறார்.

அதற்கு முந்தைய வருடம் ‘அசோக்குமார்’. அதில் கண்ணாம்பா யார்? மூத்தாள் மகனான குணாளன் மேல் ஆசைப்பட்டு, அவன் மறுத்ததும் அவன் கண்களை இழக்கக் காரணமாகிற, அசோகச் சக்ரவர்த்தியின் இளைய மனைவி திஷ்யரக்ஷிதை. கற்புக்கரசிக்கு நேர் எதிர். இரண்டு பேருக்கும் எழுதியது இளங்கோவன். அந்தச் சிற்றன்னையை வெறும் வில்லியாக எழுதவில்லை அவர். அவளுக்கும் ஒரு வாதம் கொடுத்தார். வயது முதிர்ந்த சக்ரவர்த்திக்குக் கட்டிவைக்கப்பட்ட இளம்பெண் அவள் என்பது அந்தப் பேச்சில் தெரிகிறது. பார்க்கிறவர் அவளை மன்னிக்க மாட்டார், ஆனால் கேட்பார். 1941-ல் இது பெரிய விஷயம்.

சேலத்துக்காரன் | பதிவு 9

டங்கன் தொடர்பு நல்ல பிடி. மாடர்ன் தியேட்டர்ஸ் வாசலைப் பார்த்து வளர்ந்தவன் நான், ‘மந்திரிகுமாரி’ எங்கள் குடும்பப் படம் மாதிரி.

ஆனாலும் வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். இளங்கோவனின் கண்ணகி பாண்டியனைக் கேட்கிறாள். மனோகரனின் தாய் மகனிடம் ‘பொறுத்தது போதும், பொங்கி எழு’ என்கிறாள். ஒருத்தி நீதி கேட்கிறாள், இன்னொருத்தி கிளர்ச்சிக்கு உத்தரவு போடுகிறாள். கொட்டகையில் அந்த வரி தாய் மகனிடம் சொன்னதாகக் கேட்கவில்லை, மேடையிலிருந்து சனத்திடம் சொன்னதாகக் கேட்டது. சங்கிலியை அறுப்பது மனோகரன் மட்டும் இல்லை.

இன்னொன்று, அடுக்கு. எதுகை மோனையை அடுக்கி அடுக்கிக் கைதட்டல் விழும் இடத்தை எழுத்திலேயே குறித்து வைப்பது கலைஞர் பாணி. இளங்கோவன் அப்படி நிறுத்தி வாங்க மாட்டார், அவர் வரி ஓடிக்கொண்டே இருக்கும்.

பாட்டுப்புத்தகம் | பதிவு 10

இந்தக் கடைசிப் பத்தி பொன்னான கவனிப்பு. அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மேடைப் பேச்சின் மூச்சு கலைஞருக்கு. இளங்கோவனுக்கு உரைநடையின் மூச்சு, மணிக்கொடியிலிருந்து வந்தது.

பின்னால் 1964-ல் கலைஞரே ‘பூம்புகார்’ எழுதினார். பி. நீலகண்டன் இயக்கம், கண்ணகியாக விஜயகுமாரி. இரண்டு வழக்குரைக் காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நீங்கள் சொன்னது அப்படியே காதில் கேட்கும்.

நாடகமேடை | பதிவு 11

இவ்வளவு நேரம் புகழ்ந்தாயிற்று. ‘மகாமாயா’வைப் பற்றியும் பேச வேண்டும்.

‘கண்ணகி’யின் வெற்றிக்குப் பிறகு அதே ஜூபிடர் படக் கம்பெனி, அதே நாயகன் பி.யு. சின்னப்பா, அதே கண்ணாம்பா, அதே இளங்கோவன். வசனத்தைத் தனியே எடுத்துப் படித்தால் அவர் எழுதியதிலேயே மிக அடர்த்தியானது என்று சொல்லலாம். ஆனால் ‘கண்ணகி’ அளவுக்குப் போகவில்லை. மாற்றான் மனைவியை அடையத் துடிக்கும் அரசன் கதை. கோவலன் கண்ணகியாகப் பார்த்த ஜோடியை அப்படிப் பார்க்கச் சனத்துக்கு மனம் வரவில்லை என்று சொல்வார்கள். என் அபிப்பிராயம் வேறு. அங்கே எல்லாரும் ஒரே மாதிரி அழகாகப் பேசுகிறார்கள். அரசனும் அழகு, அவளும் அழகு, பக்கத்தில் நிற்பவரும் அழகு. ‘கண்ணகி’யில் கேட்கிறவர் மனத்தில் கதை ஏற்கெனவே இருந்தது, எவ்வளவு உயர்ந்த தமிழாக இருந்தாலும் பின்தொடர முடிந்தது. ‘மகாமாயா’வில் கதையும் புதிது, தமிழும் கடினம்.

யுத்த காலத்தையும் மறக்கக் கூடாது. பிலிம் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்க உத்தரவு. அதாவது சுமார் இரண்டு மணி நேரம். அதற்கு முன் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியவை நம் படங்கள். பாட்டு குறைந்தது, காட்சி குறைந்தது, நீட்டி எழுத இடமில்லை.

அந்தக் கட்டுப்பாட்டில் பிறந்ததுதான் ‘ஹரிதாஸ்’. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்ட படம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். நாயகன் சிறையில், படம் கொட்டகையில்.

‘ஹரிதாஸ்’ வசனம் ‘கண்ணகி’ மாதிரி இல்லை. ராஜசபை இல்லை, வாதம் இல்லை. பெற்றோரை அவமதித்து விரட்டியவன், எல்லாம் இழந்து, கால்களும் போய், தவழ்ந்து அவர்களிடம் வருகிறான். அங்கே இளங்கோவன் மிகக் கொஞ்சமாக எழுதியிருக்கிறார். வீட்டில் ஒரு மகன் எப்படிக் கேட்பானோ அப்படி. என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த எழுத்து ‘கண்ணகி’ இல்லை, இதுதான்.

புதுவாசகி | பதிவு 12

முழு இழையும் படித்தேன், நன்றி. சின்ன வயசுக்காரியின் பார்வையை ஒரு வார்த்தை சொல்லலாமா?

எனக்குப் பிடித்த பழைய வசனம் ஸ்ரீதருடையது. ‘எதிர்பாராதது’ 1954-ல், ‘மனோகரா’ வந்த அதே வருடத்தில். பிறகு ‘அமரதீபம்’, அப்புறம் 1959-ல் அவரே இயக்கிய ‘கல்யாண பரிசு’. அங்கேதான் மனிதர்கள் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தார்கள் என்று தோன்றும். அப்படிப் பார்த்தால் இளங்கோவனின் வழி அங்கே முடிந்துவிட்டது இல்லையா? அடுக்கு வசனம் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ மாதிரி சரித்திரப் படத்துக்குள் போய்விட்டது.

பாட்டுப்புத்தகம் | பதிவு 13

அம்மா, மிக நல்ல கேள்வி. ஸ்ரீதரும் செங்கல்பட்டுப் பக்கம்தான், சித்தாமூர். ஒரே வட்டாரம் தமிழ் வசனத்தின் இரண்டு திருப்பங்களுக்கும் ஆள் கொடுத்திருக்கிறது.

முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ‘கல்யாண பரிசு’ எதனால் நிற்கிறது? அக்கா தங்கை இரண்டு பேரும் ஒருவனை விரும்புகிறார்கள், தங்கை விட்டுக்கொடுக்கிறாள். சண்டைக் காட்சி இல்லை, தந்திரக் காட்சி இல்லை. இரண்டு பேர் ஒரு அறையில் பேசுவதுதான் படம். பேச்சே கதையைச் சுமக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அப்படிப் படம் எடுக்க எந்தத் தயாரிப்பாளரும் பணம் போட மாட்டார். அந்த நம்பிக்கை 1937-ல் வந்தது. நடை மாறியது, அது மாறவில்லை.

வசனகர்த்தாவின் மதிப்பையும் பாருங்கள். சக்தி கிருஷ்ணசாமி, ஜாவர் சீதாராமன், ஆரூர்தாஸ். போஸ்டரில் இவர்கள் பெயருக்கு ஒரு இடம் இருந்தது. பாட்டுக்காரருக்குப் பின்னால் எங்கோ நின்றுகொண்டிருந்த எழுத்தாளரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது ‘கண்ணகி’ வசனப் புத்தகம்தான்.

கொட்டகைவாசி | பதிவு 14

தாமதமாக வருகிறேன். டூரிங் டாக்கீஸ் காலத்து ஆள் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ‘கண்ணகி’யும் ‘ஹரிதாஸு’ம் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. பிரிண்ட் அடிவாங்கி, நடுநடுவே வெட்டுப்பட்டு வரும். ஒரு வரி பாதியில் தாவிவிடும். உடனே மணல் தரையிலிருந்து நாலைந்து பேர் அந்த விட்டுப்போன பாதியைச் சொல்லி முடிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். அதில் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். செய்யுள் நடைக்குப் பக்கத்தில் நிற்கிற தமிழ் அது. சனத்துக்குப் புரியாது என்று யாரும் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

ஆகவே நாடகமேடை ஐயா, ‘மகாமாயா’ தமிழ் கடினம் என்பதால் தோற்றது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ‘கண்ணகி’ தமிழும் அதே கடினம்தான். கதை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாடகமேடை | பதிவு 15

கொட்டகைவாசி ஐயா சொன்ன காட்சி அருமை. ஆனால் அந்தப் பெண்கள் கண்ணகி கதையைக் கூத்திலும் பாட்டிலும் பிறந்ததிலிருந்து கேட்டவர்கள். அதனால்தான் அந்தத் தமிழ் அவர்களிடம் ஒட்டியது. என் கட்சியை நான் விடவில்லை.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ‘அம்பிகாபதி’யில் தொடங்காதீர்கள். ஒலியும் படமும் தேய்ந்திருப்பதால் மனம் சலித்துவிடும். முதலில் ‘ஹரிதாஸ்’. பிறகு ‘கண்ணகி’. காது அந்தத் தமிழுக்குப் பழகிய பிறகு ‘அசோக்குமார்’, அதில் கண்ணாம்பாவும் பாகவதரும் தனியாக இருக்கும் காட்சியை இரண்டு தடவை பாருங்கள். கடைசியாக ‘அம்பிகாபதி’.

பாட்டுப்புத்தகம் | பதிவு 16

வரிசை சரி. அதோடு ‘மந்திரிகுமாரி’யையும் ‘மனோகரா’வையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இங்கே பேசியது முழுக்க விளங்கும்.

வீட்டில் பழைய பாட்டுப்புத்தகம், வசனப் புத்தகம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துப் படங்களில் பலவற்றின் பிரதியே இல்லை. ஒரு படத்துக்கு யார் எழுதினார், யார் நடித்தார் என்று சொல்ல மிஞ்சியிருப்பது பல நேரம் அந்த மெல்லிய காகிதம்தான். முன்னட்டையையும் பெயர்ப் பட்டியல் உள்ள பக்கத்தையும் படம் எடுத்து இந்த இழையில் போடுங்கள். ‘திருநீலகண்டர்’, ‘சிவகவி’, ‘மகாமாயா’ மூன்றும் முதலில் வேண்டும்.